மூன்று பேக்கேஜ்கள் நீக்கப்படும்

என் மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. மடிக்கணினி நடுவில். அதற்கு வலப்பக்கம் காப்பிக் கோப்பை, கைப்பிடி என்னை நோக்கி. இடப்பக்கம் கைத்தொலைபேசி, திரை குப்புற. இன்சுலின் பை இடது மூலையில், சுவரை ஒட்டி. கண் இருந்த காலத்திலும் நான் இப்படித்தான். அப்போது வீட்டில் கேலி செய்வார்கள். இப்போது யாரும் கேலி செய்வதில்லை. அதுவே எனக்கு ஒரு குறை.

மனைவி கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. விடியும் முன்பே எழுந்து, சென்ட்ரலுக்கு நடந்து போய் கொமுட்டர் ரயில் ஏறுவாள். கிளம்புவதற்கு முன் அவள் செய்யும் கடைசி வேலை என் மேசையைத் துடைப்பது. ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, அதே இடத்தில் வைப்பாள். கணினியின் விசைப்பலகைக்கு மட்டும் காய்ந்த துணி. துணி விசைகளின் மேல் ஓடும்போது சடசடவென்று ஒரு சிறு ஓசை வரும். அந்த ஓசை கேட்டால் இன்னும் சற்று நேரத்தில் கதவு சாத்தும் ஓசை கேட்கும் என்று அர்த்தம்.

நாங்கள் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், ஓர் அடுக்குமாடி வீட்டில். கீழே நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காக மஞ்சள் புடைப்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பல வருடம் அதில் செருப்பு இடற நடந்து, மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது அதே கற்களைத் தேடித்தான் கால் போகிறது.

கண்ணைத் தின்றது சர்க்கரை. முதலில் வலது, பிறகு இடது. பங்சாரில் ஒரு சிறு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அதை விட வேண்டியதாயிற்று. வீட்டில் சும்மா இருந்து, திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருளைப் பழகிக்கொண்டேன். திரை வாசிப்பான் என்பார்கள். கர்சர் போகும் இடத்தையெல்லாம் அது வாய்விட்டுப் படிக்கும். லினக்ஸில் என் வேலை பெரும்பாலும் எழுத்து வடிவக் கட்டளைகள்தான் என்பதால், பழகப் பழக என் பழைய வேகத்தில் பாதியாவது வந்துவிட்டது.

இதைக் கேள்விப்பட்டுப் பழைய அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். தினமும் காலையில், மற்றவர்கள் வேலைக்கு வருவதற்கு முன், வீட்டிலிருந்தே சர்வர்களுக்குள் போய் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். முதலில் சில மாதங்கள் சோதனைக் காலம். முதலாளி என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்: "யார் ஒதவியும் இல்லாம நீங்களே செய்ய முடியுமா?" முடியும் என்றேன். அந்த 'நீங்களே' என்ற சொல்லுக்காகவே ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம். அதுவரை நானே செய்பவை என்று மிஞ்சியிருந்தவை பல் துலக்குவது, ஊசி போட்டுக்கொள்வது, காப்பி கலப்பது. ஊசியின் அளவைக்கூட அது போடும் கிளிக் ஓசையை எண்ணித்தான் வைப்பேன்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். ஒருநாளும் அறிக்கை தவறவில்லை.

இனி இந்த பேக்கேஜ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். லினக்ஸில் மென்பொருள்கள் பேக்கேஜ்களாக வரும். எந்த பேக்கேஜும் தனியே நிற்காது. ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றிலும் குறிப்பிட்ட பதிப்புதான் வேண்டும். அதற்கு வேறொன்று வேண்டும். இந்தப் பிணைப்புகளைக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பதும் நீக்குவதும் பேக்கேஜ் மேனேஜர் என்ற நிரலின் பொறுப்பு. பேக்கேஜ்களைச் சேர்த்து வைத்து வழங்கும் இடத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். எல்லாம் ஒரே களஞ்சியத்திலிருந்து வரும்வரை கணக்கு பிசகாது. வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே பொருளின் வெவ்வேறு பதிப்பைக் கேட்கும் நாள் ஒன்று வரும். அன்று பேக்கேஜ் மேனேஜர் யாரையாவது வெளியே அனுப்பித்தான் கணக்கை நேர் செய்யும்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை நான் இப்படிச் சொல்வேன்: "மளிகைய ஒரே கடையில வாங்கு லா. ரெண்டு கடையில வாங்கினா ஒருநாள் ரெண்டும் வீட்டுக்குள்ள சண்டை போடும்." இன்னொன்றும் சொல்வேன். எந்த மேம்படுத்தலுக்கும் முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும். எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. அந்த ஒத்திகையில் புதிதாக என்ன வருகிறது என்பதை ஆற அமரப் பார்க்கலாம். யார் போகப் போகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் பெயரே அலுவலகத்தில் 'ஒத்திகை அங்கிள்' என்று ஆகிவிட்டது.

மளிகை விதியை மீறியவனும் நான்தான்.

எங்களுக்கு மேல் மாடியில் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த ஒருவர் இருக்கிறார். நாற்பது வயதுக்காரர், குடும்பம் திருநெல்வேலியில். டேட்டா சென்டர்கள் கட்டும் இடங்களில் அவருக்கு வேலை. ஒரு மாலை பேசிக்கொண்டிருக்க வந்தவர், என் கணினி தமிழ் படிப்பதைக் கேட்டு அலறிவிட்டார்.

"என்ன சார் இது! தகரத்த ரோட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி பேசுது!"

"அதான் பாஸ் இதோட வர்ற தமிழ். பழகிப்போச்சு."

"பழகக்கூடாத விஷயமெல்லாம் பழகிக்கிடுதீங்க சார்."

அவர் ஊரில் சில ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய தமிழ்க் குரல் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அது அவர்களுடைய சொந்தக் களஞ்சியத்திலிருந்து வரும். குரலையும் திரை வாசிப்பானையும் இணைக்கும் நடு அடுக்கு ஒன்று உண்டு. அதிலும் அவர்கள் தங்களுடைய புதிய பதிப்பையே வைத்திருந்தார்கள். ஒத்திகை பார்த்தேன். யாரும் போகவில்லை, நடு அடுக்கு மட்டும் மாறியது. தெரிந்தே போட்டேன்.

அந்தக் குரல் முதன்முதலில் படித்தது மனைவி அனுப்பிய செய்தியை. 'ரயில் ஏறிட்டேன். பருப்பு அடுப்பில் இருக்கிறது, மறந்துடாதீங்க.' ஒரு பெண் பக்கத்து அறையிலிருந்து சொல்வது போல் இருந்தது. மறுபடி படிக்க வைத்தேன். பிறகு மறுபடி. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒத்திகை பார்ப்பேன். சரியாக இருந்தால் மேம்படுத்துவேன். சோதனைக் காலத்தின் கடைசி மாதத்தில் ஒரு ஞாயிறு, நான் பயந்தது நடந்தது. திரை வாசிப்பானின் புதிய பதிப்பு வந்திருந்தது. அது களஞ்சியத்தின் சொந்த நடு அடுக்கைத்தான் கேட்டது. என்னிடம் இருந்ததோ வெளியார் கொடுத்தது. ஒத்திகையில், நீக்கப்படுபவற்றின் வரிசையில், திரை வாசிப்பானின் பெயரையே அந்தப் பெண் குரல் அமைதியாகப் படித்தது. தன்னை எடுத்துவிடப் போகிறார்கள் என்பதை அதுவே எனக்குச் சொன்னது.

வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சோதனைக் காலம் முடியட்டும், பிறகு நிதானமாக அவிழ்க்கலாம் என்று நினைத்தேன். தவறான முடிவு என்று இப்போதும் நினைக்கவில்லை. மேம்படுத்தாமல் இருந்தால் எதுவும் உடையாது.

ஆனால் கணினி அப்படி விடுவதில்லை. மேம்படுத்தல் இருக்கிறது என்று நினைவூட்டும் சன்னல் ஒன்று தினமும் மற்றவற்றுக்குப் பின்னால் வந்து நிற்கும். கர்சர் அங்கே போகாததால் எனக்கு அது கேட்காது. பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். பார்ப்பவள் மனைவி ஒருத்திதான்.

"ஏங்க, அப்டேட் பண்ணவான்னு கேக்குது."

"விடு. நான் பாத்துக்கிறேன்."

"நேத்தும் கேட்டுச்சு."

"கேட்டுட்டுப் போவட்டும் லா."

ஏன் விட வேண்டும் என்று நான் விளக்கவில்லை. நடு அடுக்கு, பதிப்பு, வெளிக் களஞ்சியம் என்று விடியற்காலையில் ரயிலுக்கு ஓடுபவளிடம் யார் விளக்குவார்கள்? கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். கண் போன புதிதில் எல்லாவற்றையும் அவள்தான் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

அந்தக் காலை நான் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். துணி விசைகளின் மேல் ஓடும் ஓசை கேட்டது. பிறகு சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சில விசைகள் தனித்தனியாக. பிறகு, "போயிட்டு வரேங்க," கதவு.

கோப்பையை அதன் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு விசையை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஒலி அளவைக் கூட்டினேன். ஹெட்போனைக் கழற்றினேன், மாட்டினேன். கணினியின் அடிப்பாகத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது, உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அணைத்து மறுபடி போட்டேன். தொடங்கும்போது வரும் மெல்லிய ஓசை வந்தது. அப்படியானால் ஒலிபெருக்கியில் பழுதில்லை. கடவுச்சொல்லை மனக்கணக்கில் அடித்தேன். மௌனம். ஓசை வருகிறது, பேச்சு வரவில்லை. என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. துணி ஓடி நின்ற பிறகு கேட்ட அந்தச் சில விசைகளும் என்னவென்று தெரிந்தது.

திரையில் எல்லாம் இருந்திருக்கும். படங்கள், சன்னல்கள், கடிகாரம். கண் உள்ள யாருக்கும் அந்தக் கணினியில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. எனக்கு அது சூடான ஒரு பலகை.

கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் அதில் இருப்பதைச் சொல்லும் வசதி உண்டு. திரையை நோக்கிப் பிடித்தேன் என்று நினைத்தேன். 'ஒரு மேசை, ஒரு கோப்பை, ஒரு மனிதரின் கை' என்றது. மறுபடி பிடித்தேன். 'ஒரு சுவர்' என்றது.

அதற்குள் அலுவலகத்திலிருந்து குரல் செய்தி வந்தது. அங்கே இப்போது எனக்கு மேலதிகாரி, நான் ஒரு காலத்தில் ஒத்திகை சொல்லிக் கொடுத்த பெண்களில் ஒருத்தி.

"மார்னிங் அங்கிள்! ரிப்போர்ட் இன்னும் வரலயே. எல்லாம் ஓகேயா?"

சர்வர்களுக்குள் நுழையும் சாவி என் கணினியில் மட்டும் இருந்தது. தொலைபேசியிலிருந்து அதைச் செய்ய முடியாது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். என் கணினி ஊமையாகிவிட்டது, இன்று நீயே பார்த்துவிடு என்று ஒரு வாக்கியம். நான் சொன்னது: "ஓகே மா, கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான்."

மேல் மாடிக்காரரை அழைத்தேன். அவர் செமினியில் ஒரு கட்டுமான இடத்தில் இருந்தார். பின்னால் லோரி பின்வாங்கும் ஓசை கேட்டது.

"வீடியோவுக்கு வாங்க சார். நான் படிச்சுச் சொல்லுதேன்."

வந்தேன்.

"என்ன தெரியுது பாஸ்?"

"ஃபேன் தெரியுது சார். நல்லா சுத்துது."

தாழ்த்தினேன்.

"இப்ப உங்க பனியன். சார், அதுல ஒரு ஓட்டை இருக்கு, கவனிங்க."

"அத அப்புறம் தைக்கலாம். ஸ்கிரீன் தெரியுதா?"

"இடது பக்கம்... ஐயோ, என் இடது இல்ல சார், உங்க இடது... அங்கனயே நிறுத்துங்க! அசைக்காதீங்க!"

கோப்பையை எனக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் நகர்த்தி, தொலைபேசியை அதில் சாய்த்து வைத்தேன். எழுத்து மட்டும் உள்ள கட்டளைத் திரைக்குப் போகும் விசைகள் எனக்கு மனப்பாடம். "லாகின் கேக்குது சார்," என்றார். உள்ளே போனேன். பேக்கேஜ் மேனேஜர் கடைசியாக என்ன செய்தது என்று காட்டும் கட்டளையை அடித்தேன்.

அந்தப் பக்கம் லோரியின் ஓசை மட்டும் கேட்டது.

"பாஸ்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். மூணு பேக்கேஜ நீக்கியிருக்கு. அதுல ஒண்ணு... ஸ்கிரீன் ரீடரையே தூக்கிப் போட்டிருக்கு சார். இன்னிக்குக் காலையில. நீங்களா பண்ணீங்க?"

"ஆமா," என்றேன்.

"ஊருக்கெல்லாம் ஒத்திகை ஒத்திகைன்னு பாடம் எடுப்பீங்களே சார். உங்களுக்கா இப்பிடி!"

"என்னமோ நடந்துடுச்சு. மறுபடி போட்டுப் பாக்கலாம், படிங்க."

திரை வாசிப்பானை மறுபடி நிறுவச் சொன்னேன். முடியாது என்றது. அவர் தட்டுத் தடுமாறிப் படித்தார்: இதற்கு நடு அடுக்கில் இந்தப் பதிப்பு வேண்டும், ஆனால் அதைவிட உயர்ந்த பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதை இறக்கி வைக்க மாட்டேன், உடைந்த பிணைப்புகளைச் சரி செய்ய முடியவில்லை. பேக்கேஜ் மேனேஜருக்குப் புதியதுதான் நல்லது. மேலே ஏறியதை அது தானாகக் கீழே இறக்காது. நாம்தான் பெயரையும் பதிப்பையும் சொல்லி இறக்க வேண்டும்.

நடுவில் அவருடைய மேலாளர் கூப்பிட்டு இரண்டு முறை அழைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்கும்வரை நான் கைகளை விசைகளின் மேல் வைத்தபடி காத்திருந்தேன். கையை எடுத்தால் எங்கே விட்டேன் என்பது போய்விடும். அலுவலகப் பெண்ணும் அழைத்தாள். எடுத்தால் வீடியோ போய்விடும் என்று அறுத்துவிட்டேன். மறுபடி அழைத்தாள். மறுபடி அறுத்தேன்.

மேல் மாடிக்காரர் திரும்பி வந்ததும் வெளிக் களஞ்சியத்தைத் துண்டித்தேன். நடு அடுக்கைப் பழைய பதிப்புக்கு இறக்கினால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்த்தேன்.

"நீக்கப்படுறது எது? அத மொதல்ல படிங்க."

"சார்..."

"படிங்க பாஸ்."

"நம்ம தமிழ்க் குரல்தான் சார். அது மேல் பதிப்பு இல்லாம நிக்காதாம். அது போனா ரீடர் வந்திடும். ரெண்டும் சேர்ந்து இருக்க வழி இருக்கான்னு சாயங்காலம் நா வந்து பாக்கட்டா? ஒரு நா பொறுங்களேன்."

"இன்னிக்கு வேணும்."

"அப்ப சரின்னு ஒய் அடிச்சிடலாம்னு சொல்லுதீங்களா?"

"நான்தான் அடிக்கணும். ஒய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அடித்தேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். தகரக் குரல் ஆங்கிலத்தில், திரை வாசிப்பான் தயார் என்றது. செமினியிலிருந்து அவர் கைதட்டினார். யாரோ அவரை அதட்டுவது கேட்டது.

அப்போது மதியம் ஆகிவிட்டிருந்தது. சர்வருக்குள் போனேன். ஒன்றில் சேமிப்பு வட்டு நிரம்பி, விடியற்காலையிலிருந்து எதுவும் எழுத முடியாமல் நின்றிருந்தது. காலையில் பார்த்திருந்தால் பழைய பதிவுகளை அழித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பேன். வாடிக்கையாளர் ஒருவரின் இணையதளம் அரை நாள் முடங்கியிருக்கிறது. அதை நான் கண்டுபிடித்தபோது அலுவலகத்தில் ஏற்கெனவே சரி செய்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணை அழைத்தேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு போன் பண்ணி முடியலன்னு சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேன் அங்கிள். ஓகேன்னு சொன்னீங்களே."

மாலை மனைவி ரயிலிறங்கி, வழியில் கடையில் தோசை பொங்குஸ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி, வாங்கி வந்தாள். நான் யாரோ அனுப்பிய தமிழ்ச் செய்தி ஒன்றைப் படிக்க விட்டிருந்தேன். பொட்டலத்தை மேசையில் வைக்கும் தாள் ஓசை பாதியில் நின்றது.

"என்னங்க, பழைய குரலு வந்திருக்கு? அந்தப் பொண்ணு எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"மத்ததோட ஒத்துக்கல."

அவள் உட்காரவில்லை. செருப்புகூடக் கழற்றவில்லை, தரையில் அது உராய்வது கேட்டது.

"காலையில நான்தான் அத அமுக்கினேன். தெனம் வந்து வந்து நிக்குது, நீங்களும் மறந்துடுறீங்கன்னு. ஸ்டார்ட்னு இருந்துச்சு. பாஸ்வர்ட் கேட்டுச்சு, போட்டேன்."

"எதையோ நீக்கப் போறேன்னு ஒரு வரி காட்டியிருக்குமே."

"காட்டுச்சு. மூணு பேக்கேஜ் நீக்கப்படும்னு. பழசா இருக்கும்னு நெனச்சேன். பழசு குப்பை போனா சுத்தமா இருக்கும்லன்னு."

அவள் வேலை அது. பழையதை எடுப்பாள், துடைப்பாள், எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைப்பாள். கண் போன பிறகு நான் நிற்பதே அந்த வேலையின் மேல்தான். இதை அப்போது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது:

"விடுன்னு சொன்னேன்ல."

தோசையைப் பிரிக்கும் தாள் ஓசை கேட்டது. சட்னி எந்தப் பக்கம், சாம்பார் எந்தப் பக்கம் என்று வழக்கமாகச் சொல்லும் குரலில் சொன்னாள். சாப்பிட்டோம்.

சில நாள் கழித்து அலுவலகப் பெண் வீட்டுக்கே வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள்; சர்க்கரைக்காரனுக்கு எது ஆகும் என்று விசாரித்து வாங்கியது என்று கைக்கு வந்ததுமே தெரிந்தது. கொய்யா. தேநீர் குடித்து முடிக்கும்வரை பங்சார் சாலை நெரிசலைப் பற்றியே பேசினாள்.

"அங்கிள், மொதலாளி உங்கள வேணாம்னு சொல்லல. ஆனா காலையில வேலை செய்யுறப்ப கண்ணு தெரிஞ்ச யாராச்சும் பக்கத்துல இருக்கணும்னு சொல்றாரு. சும்மா, சேஃப்டிக்கு. ஆன்டி இருப்பாங்களா?"

"ஆன்டி ஸ்கூலுக்குப் போவணும்."

"நான் இருக்கேன்," என்றாள் மனைவி, சமையலறை வாசலிலிருந்து. "எழுதிக் குடுத்துட்டு நின்னுடுறேன். முன்கூட்டியே ரிடையர் ஆவலாம்ல."

"வேணாம்."

"ஏன் வேணாம்? இத்தன வருசம் ரயில்ல நின்னுட்டே போனது போதும்."

"புள்ளைங்களோட இருக்குறது உனக்குப் புடிக்கும். இங்க வந்து என்ன பண்ணுவ? நான் அடிக்கிறத பாத்துக்கிட்டு உக்காருவியா?"

"உக்காருறேன். என்னாலதானே."

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. "யோசிச்சு சொல்லுங்க அங்கிள். ஒண்ணும் அவசரம் இல்ல. வரேன் ஆன்டி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

யோசிக்க ஒன்றும் இல்லை. யார் உதவியும் இல்லாமல் நானே செய்ய முடியும் என்று சொல்லித்தான் அந்த வேலைக்குள் போனேன். பக்கத்தில் ஒருத்தியை உட்கார வைத்துச் செய்தால், அவள் தன் பள்ளியை விட்டுவிட்டு என் திரைக்குக் காவல் இருப்பாள். நான் செய்வதாக இருவரும் நடிப்போம். மறுநாள் காலை, அவள் ரயில் கிளம்பியிருக்கும் நேரத்தில், நன்றி சொல்லி விலகிக்கொள்வதாக எழுதினேன். அனுப்பும் முன் பிழை இருக்கிறதா என்று படிக்க விட்டேன். தகரக் குரல் என் ஆங்கிலத்தை ஒரு நிறுத்தற்குறியும் விடாமல் படித்தது. பிழை இல்லை. அனுப்பினேன்.

அதற்குப் பிறகு கிடைத்த நேரத்தில் கணினியை முழுக்க ஒழுங்கு செய்தேன். வெளிக் களஞ்சியத்தின் சுவடு ஒன்றுகூட இல்லை. திரை வாசிப்பானையும் நடு அடுக்கையும் குரலையும் அவற்றின் பதிப்பிலேயே பூட்டிவிட்டேன். யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பேக்கேஜ் மேனேஜர் இனி அவற்றைத் தொடாது. முன்பே இதைச் செய்திருக்கலாம். அப்போது பூட்ட வேண்டிய அளவுக்கு வீட்டில் யார் இருந்தார்கள்? அந்த நினைவூட்டும் சன்னலையும் வராமல் நிறுத்தினேன். இன்று இந்தக் கணினியில் உடைந்த பிணைப்பு ஒன்றுகூட இல்லை. ஞாயிறுதோறும் ஒத்திகை பார்க்கிறேன். நீக்கப்படுவது எதுவும் இல்லை என்று சொல்கிறது. இவ்வளவு சீரான கணினியை என் அலுவலக நாட்களில்கூட நான் வைத்திருந்ததில்லை. அதை வைத்துச் செய்ய வேலைதான் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி எதையாவது எழுதுகிறேன். தகரக் குரல் திருப்பிப் படிக்கிறது.

மேல் மாடிக்காரர் அந்தத் தமிழ்க் குரலைத் தனியாக வேறொரு வழியில் போட்டுத் தருகிறேன் என்று பல தடவை சொல்லிவிட்டார். "எதையும் உடைக்காம போடலாம் சார், சத்தியமா." முடியும் என்று எனக்கும் தெரியும். பிறகு பார்க்கலாம் என்கிறேன். அந்தக் குரல் மறுபடி வந்து படிக்க, மனைவியின் செய்திகள் இப்போது வருவதில்லை. ரயில் ஏறியதும் அழைக்கிறாள். சுருக்கமாகப் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.

காலையில் மேசையை இன்னும் துடைக்கிறாள். கோப்பை, இன்சுலின் பை, தொலைபேசி, எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்புகின்றன. ஆனால் அந்தச் சடசட ஓசை இல்லை. ஈரத்துணி வலப்பக்கமிருந்து ஓடி வரும்; கணினியின் அருகே வந்ததும் நிற்கும்; ஒரு நொடி கழித்து இடப்பக்கத்தில் மறுபடி தொடங்கும். நடுவில் அவள் துணியைத் தூக்கி அதைத் தாண்டிப் போகிறாள்.

ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அதையும் துடைக்கலாம். எல்லாத்தையும் பூட்டிட்டேன். நீ என்ன அமுக்கினாலும் ஒண்ணும் ஆவாது."

"நீங்களே துடைச்சுக்குங்க," என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு."

பிறகு கதவு சாத்தும் ஓசை கேட்டது.

விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் மட்டும் சிறு புடைப்பு இருக்கும். விரல்கள் தம் இடத்தைக் கண்டுகொள்வது அதை வைத்துத்தான். அவள் போன பிறகு உட்கார்ந்து கை வைத்தேன். புடைப்புகளைச் சுற்றி மாவு போல் தூசி படிந்திருந்தது. காய்ந்த துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. தூசியின் மேலேயே விரல்களை வைத்துக்கொண்டு இருந்தேன்.